வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது, 19 வயதுப் பெண்ணுக்குத் தனிப்பட்ட சுதந்திரமும் அரசியல் சுதந்திரமும் எதற்கு?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம், கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஃபோன் நம்பர், பாஸ்புக், ஓட்டு எல்லாம் அப்பா பொறுப்பு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா நல்லவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். பெற்றவர்களுக்கு எதிராகப் பிள்ளையைத் தூண்டிவிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்லும் எல்லாவற்றையும் அப்பாவையே கூட அழைத்துப்போய்ச் செய்யலாம்.

உங்கள் ஆதாரில் அப்பா நம்பர் இருந்தால், உதவித்தொகை விண்ணப்பத்துக்கான ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும். கடைசி நாளன்று அவர் வயலில் இருப்பார், ஃபோன் வீட்டில் கிடக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த நம்பரே வேறொருவர் கைக்குப் போனால் இன்னும் சிக்கல். 18 முடிந்துவிட்டதால் சிம்மை உங்கள் பெயரிலேயே வாங்கலாம். ஆதார் சேவை உள்ள தபால் நிலையத்துக்குப் போய்க் கைரேகை வைத்தால் நம்பரை மாற்றித் தருவார்கள். ஆவணம் எதுவும் வேண்டாம், செலவு நூறு ரூபாய்க்குள். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான்: ஆதாரில் மாற்றினால் வங்கியில் தானாக மாறாது. பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்த் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழ்களின் அசல் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை கல்யாணப் பேச்சு எழும்போது "படிப்பை முடிக்கிறேன்" என்று சொல்லும் தைரியம் பாதி அந்தக் காகிதங்களிலிருந்துதான் வரும். கட்டாயப்படுத்தினால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம்.

அடுத்தது ஓட்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ இணையத்தில் நிரப்பலாம், அல்லது உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். புகைப்படம், வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முகவரிச் சான்று போதும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைந்தவர்கள் சேரலாம். உங்கள் தம்பி தங்கைகள் 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். விடுதியில் இருப்பவர்கள் விடுதி முகவரியிலோ ஊரிலோ சேரலாம், ஆனால் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும். அப்பா ஒரு சின்னத்தைச் சொன்னாலும், மறைப்புக்குப் பின்னால் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. எந்தச் சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டு 7 நொடி தெரியும், அதுவும் உங்கள் கண்ணுக்கு மட்டும். ஓட்டுரிமை வயது 21-இலிருந்து 18 ஆனது 1989-இல். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் 19 வயதில் ஓட்டுப் போடுவது அதற்கு முன்பு யாருக்கும் வாய்க்கவில்லை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபையின் உறுப்பினர். பெயரைச் சேர்க்காமல் விட்டால், உங்கள் வீட்டு வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பற்றி உறுப்பினராக நின்று பேசும் உரிமை உங்களுக்கு இல்லை. நீங்கள் இருப்பது கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. மேலே தூர் வாரிவிட்டுக் கீழே விட்டால் முதலில் காய்வது உங்கள் பக்கத்து நாற்றங்கால். எடுத்த மண்ணைக் கரையோரமே கொட்டினால் முதல் மழையில் அது வாய்க்காலுக்குள்ளேயே சரியும். ஆகாயத்தாமரையை மேலோட்டமாக அரித்துவிட்டால் சில வாரங்களில் மறுபடி மூடிக்கொள்ளும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். என் ஆற்றாமை இங்கேதான். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்தை வாங்கிவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் பக்கத்தைக் காலியாக விட்டு, பிறகு உட்கார்ந்து எழுதுகிறார்கள். கையெழுத்துப் போட்டவருக்கே என்ன தீர்மானம் என்று தெரியாது. அதனால் கோரிக்கையை எழுத்தில் இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அரசியல் நம் வீட்டுக்குள் வராது என்று நினைக்க வேண்டாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். தன் அடுப்பில் வடித்த சோற்றை யாருக்குப் போடுவது என்பதையே அரசு முடிவு செய்ய வந்தது. சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பசியாற்றினார்கள். அந்தச் சோறு சொந்த விஷயமா, அரசியலா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கிராம சபையில் பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வாய்க்கால் அவர்களுடையது இல்லையென்றால், உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. "ஏன் தூர் வாரவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "இந்த வாய்க்காலுக்கு இந்த ஆண்டு போட்ட எஸ்டிமேட்டின் நகல், அதில் உள்ள நீளம், அகலம், ஆழம்" என்று கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதில் தர அவர்களுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.

நாள் கணக்கையும் பாருங்கள். பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. மே 1 கிராம சபைக்கு மறுநாளே தபாலில் சேர்த்தால், பதில் ஜூன் முதல் வாரம் வந்துவிட வேண்டும். வாய்க்கால் அப்போது காய்ந்துதான் கிடக்கும். நகலையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு இறங்கி அளந்து பாருங்கள், தண்ணீர் வந்துவிட்டால் அளக்க முடியாது.