குடியை விடும் நாட்கள்: மனநல மருத்துவரிடம் வாசகர் கேள்விகள்

பல வருடங்களாகத் தினமும் குடித்தவன். நேற்று காலையோடு நிறுத்திவிட்டேன். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாள் தாங்கினால் சரியாகிவிடுமா?

தாங்கிப் பார்க்காதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட, மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். மது திடீரென்று நின்றதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம் முதல் நாளே தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நேரமும் இடமும் குழம்பிப்போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது. மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் மாத்திரை கொடுத்தால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்ததுதான்.

கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். விஷயம் தெரியாதவர் வழக்கம்போலத்தானே குடிப்பார்? அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்க வேண்டும் என்ற ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் இருக்கின்றன.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது ஆலோசனைக்குப் போங்கள். அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வதையும், குடிக்க வாங்கிய கடனை அடைப்பதையும் நிறுத்துங்கள். இது கல்நெஞ்சம் இல்லை அம்மா. நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமந்துவிட்டீர்கள்.

ஆறு மாதம் தொடாமல் இருந்தேன். போன வாரம் ஒரு நாள் குடித்துவிட்டேன். எல்லாம் வீணா?

அந்த ஆறு மாதம் உங்களுடையதுதான். ஒரு நாள் சறுக்கலைவிட, ‘இனி என்ன, எல்லாம் போச்சு’ என்ற எண்ணம்தான் மறுபடி தினக்குடிக்கு இழுத்துப் போகும். அன்று குடிப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை எழுதிப் பாருங்கள்: யாரோடு இருந்தீர்கள், சாப்பிட்டிருந்தீர்களா, யார்மீது கோபம்? அடுத்த முறை எங்கே விலக வேண்டும் என்பது அதில் தெரியும். ஹெராயின் போன்றவற்றை விட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உடம்பின் தாங்கும் திறன் குறைந்திருக்கும். பழைய அளவே உயிரைக் குடித்துவிடலாம்.

சாயங்காலமானால் ஏக்கம் தாங்கவில்லை.

அது உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அதுவரை மட்டும் சமாளியுங்கள். முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். பசி பல நேரம் ஏக்கமாக வேஷம் போடும். அப்புறம் வீட்டைவிட்டு இறங்கி, நம்பிக்கையான ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டே நடங்கள்.

குடியை விட்டு மூன்று வாரம். தூக்கமே இல்லை.

சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட இப்படி இருக்கும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதுவும் பழக்கமாகிவிடும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பும் சேர்ந்து வந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.