மீட்டருக்குப் பின்னால் தொடங்கும் வேலை

கேள்வி: மின் பகிர்மானக் கழகத்தில் 32 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, வரும் ஆண்டு இளநிலைப் பொறியாளராக ஓய்வு பெறுகிறேன். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவன். என் மகன் சென்னையில் ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு வாங்கினான். குடியேறிய மூன்றாம் மாதமே ஏ.சி. பாயிண்ட் கருகிப் புகைந்தது. வாங்குவதற்கு முன் யாராவது ஒருவர் ஒயரிங்கைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. ஓய்வுக்குப் பிறகு தனியார் மின் ஆய்வாளராகப் பகுதிநேரமாக இந்த வேலையை நானே செய்யலாமா? உரிமம் வேண்டுமா? என்ன கருவிகள், எவ்வளவு கட்டணம்? என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை. "இத்தனை வருஷம் கரண்டோட மல்லுக்கட்டினது போதாதா?" என்று கேட்கிறார்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, செய்யலாம், ஆனால் நீங்கள் வைத்துக்கொள்ள நினைக்கும் பெயரில் செய்ய முடியாது. மின் ஆய்வாளர் என்பவர் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி அரசால் நியமிக்கப்படுபவர். 'எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர்' என்று நீங்கள் விசிட்டிங் கார்டு அடித்தால், முன்னால் 'தனியார்' என்று சேர்த்துக்கொண்டாலும், பார்ப்பவர் அரசு முத்திரை பின்னால் இருப்பதாகவே எண்ணுவார். அந்த எண்ணத்தால் வரும் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். 'மின் பாதுகாப்பு ஆலோசகர்' என்று போட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட், 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடம், உயரழுத்த இணைப்பு என்று அரசின் மின் ஆய்வுத் துறை பார்க்க வேண்டியவை தனியே உள்ளன, அவற்றில் தலையிடாதீர்கள். உங்களுக்கான களம் குறைந்த அழுத்த இணைப்புள்ள வீடுகள், சிறிய அடுக்ககங்கள், கிளினிக்குகள், கடைகள், சிறிய பள்ளிகள்.

உரிமம் பற்றிக் கேட்டீர்கள். பார்த்து, அளந்து, எழுதிக் கொடுப்பது வேறு. கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சரிசெய்வது வேறு. பல்பு, ஃபேன், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் உள்ள விதி. தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர் உரிமத்தையும், மேற்பார்வையாளர், கம்பியாளர் ஆகியோருக்கான தகுதிச் சான்றிதழ்களையும் வழங்குவது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். உங்கள் டிப்ளமோவையும் பணி அனுபவத்தையும் காட்டி மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அனுபவச் சான்று வாங்க, பணியில் இருக்கும்போது நான்கு படி ஏறினால் போதும், ஓய்வு பெற்ற பிறகு நாற்பது படி ஏற வேண்டியிருக்கும். அந்த ஆணைய ஒழுங்குமுறைகளின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'பட்டய மின் பாதுகாப்புப் பொறியாளர்' (சார்ட்டர்ட் எலக்ட்ரிகல் சேஃப்டி இன்ஜினியர்) என்ற ஏற்பாடும் வந்தது. உரிமையாளர்கள் தங்கள் மின் அமைப்புக்குத் தாங்களே சான்றளித்துக்கொள்வதற்கு உதவ, அரசின் அங்கீகாரம் பெற்றவர்கள் அவர்கள். அந்தத் தகுதி உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தலைமை மின் ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியமானது. 32 ஆண்டு அனுபவம் என்கிறீர்கள். அந்த அனுபவம் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கி நுகர்வோரின் மீட்டரோடு முடிந்துவிடுவது. நீங்கள் செய்ய நினைக்கும் வேலை மீட்டருக்குப் பின்னால் தொடங்குகிறது. நானும் அதே வழியில் வந்தவன் என்பதால் சொல்கிறேன்: கம்பத்தில் ஜம்பர் அறுந்ததைக் கீழே நின்றே கண்டுபிடித்த எனக்கு, சுவருக்குள் புதைந்த பைப்பில் போகும் ஒயர் என்ன சதி செய்யும் என்பது முதல் ஆண்டில் தெரியவில்லை. ஒயரிங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கானது ஐ.எஸ். 3043, இரண்டையும் தேர்வுக்குப் படிப்பது போலப் படியுங்கள். ஆறு மாதம் ஒரு நேர்மையான ஒப்பந்ததாரருடன் சம்பளம் எதிர்பாராமல் சுற்றுங்கள். வயதில் சின்னவரிடம் கற்பதற்குக் கூச்சப்பட்டால் இந்த வேலை வேண்டாம்.

கோவையில் ஒரு பழைய அடுக்ககத்தில் நான் கண்டதைச் சொன்னால், என்ன கற்க வேண்டும் என்பது விளங்கும். குளியலறை கீசருக்கான 16 ஆம்ப் பிளக் பாயிண்டில், மூன்று விளக்கு எரியும் சிறிய சாக்கெட் டெஸ்டரைச் செருகினேன். பேஸ், நியூட்ரல், எர்த் எல்லாம் சரி என்றே காட்டியது. மெயினை அணைத்துவிட்டு மேல்தகட்டைக் கழற்றினால், பெட்டிக்குள் எர்த் ஒயரே வந்து சேரவில்லை. நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு பச்சை ஒயரை வளைத்து மாட்டியிருந்தார்கள். டெஸ்டரை ஏமாற்ற அது போதும். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், கீசரின் உடம்பிலும் அதோடு சேர்ந்த இரும்புக் குழாயிலும் மின்சாரம் ஏறும். குளிக்கிறவர் ஈரக் கையோடு தொடும் இடம் அது.

கதை அங்கே முடியவில்லை. வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியில் நல்ல நிறுவனத்தின் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தது. ஆளைக் கொல்லும் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி அது. வீடுகளில் கசிவு 30 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்போதே அது விழுந்துவிட வேண்டும், அதாவது டிரிப் ஆகிவிட வேண்டும். கீசரில் அப்படி வளைத்து மாட்டிய பிறகு, நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்ணீர்க் குழாய் வழியே மண்ணுக்கு ஓடியதால், அந்தக் கருவி தன் கடமையைச் சரியாகச் செய்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அடுத்து வந்த எலக்ட்ரீஷியன், உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் நேராகச் சேர்த்துவிட்டு, கருவியைப் பெட்டியில் அலங்காரமாக விட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரர் என்னிடம் பெருமையாகவே சொன்னார்: "முன்னாடி எல்லாம் அடிக்கடி டிரிப் ஆகும் சார், அப்புறம் ஒரு பையன் வந்து சரி பண்ணிட்டான்." ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் காசு.

அந்தப் பச்சை ஒயரைத் தற்செயலாக நான் கண்டுபிடிக்கவில்லை. மெயினை அணைத்து, நியூட்ரலை மின்வாரியத்தின் பக்கத்திலிருந்து பிரித்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் (ஒயர்களுக்கு இடையிலான காப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவி) வைத்தபோது, கீசரின் தண்ணீர்க் குழாய் இரண்டையும் மண் வழியே சேர்த்துவிட்டதால், மெகா ஓம் காட்ட வேண்டிய முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. அதற்குப் பிறகே ஒவ்வொரு பாயிண்டாகக் கழற்றினேன். வீட்டு ஒயரிங்குக்கு 500 வோல்ட் மெக்கர் போதும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். ஆனால் மெக்கரைச் சுழற்றும் முன் டி.வி., இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்குகள், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். 500 வோல்ட் அவற்றில் பாய்ந்தால், சோதனைக் கட்டணத்தைப்போல பத்து மடங்கு நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மற்றக் கருவிகளில் எர்த் டெஸ்டர், கசிவு மின்னோட்டத்தையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஆர்.சி.சி.பி. டெஸ்டர் ஆகிய மூன்றும் அவசியம். ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் உள்ளே உள்ள இயந்திரம் அசைகிறது என்பது மட்டுமே தெரியும். எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்பது டெஸ்டரில்தான் தெரியும். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். கருவிகளை ஆண்டுக்கொரு முறை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் சரிபார்த்துச் சான்று வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நிற்க நேர்ந்தால் அந்தத் தாள்தான் பேசும். இன்னொன்றையும் கவனியுங்கள். எம்.சி.பி.க்கும் (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒயருக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கக் கருவியே வேண்டாம், கண் போதும். எம்.சி.பி. காப்பாற்றுவது ஏ.சி.யை அல்ல, ஒயரை. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்ப் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போட்ட வீடுகளில் சுவருக்குள் ஒயர் வெந்துகொண்டிருக்கும். உங்கள் மகன் வீட்டில் கருகியதும் இதனாலோ லூஸ் கான்டாக்டாலோ இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை போகும்போது பார்த்துவிடுங்கள்.

மீட்டரின் சீலை எக்காரணத்துக்காகவும் தொடாதீர்கள். நேற்றுவரை நீங்களே சீல் வைத்தவர் என்பது ஓய்வு பெற்ற மறுநாள் செல்லாது. 'சார் நம்ம டிபார்ட்மென்ட் ஆள்தானே, டாரிஃப் மாத்திக் குடுங்க, சீக்கிரம் சர்வீஸ் வாங்கிக் குடுங்க' என்று வருபவர்கள் ஆய்வுக்கு வருபவர்களைவிட அதிகமாக இருப்பார்கள். ஒருமுறை இணங்கினால் ஊர் உங்களை புரோக்கர் என்றே அழைக்கும்.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். உங்கள் கையில் விற்பதற்கு இருப்பது ஒன்றே ஒன்று: பிழையைச் சொல்வதால் உங்களுக்கு லாபம் இல்லை என்ற நம்பிக்கை. நான் தொடக்கத்தில் செய்த தவறு இது. அறிக்கையைக் கொடுத்ததும், 'யாரை வைத்துச் செய்வது?' என்று கேட்டார்கள். தெரிந்த ஒப்பந்ததாரர் ஒருவரைச் சொன்னேன். அவர் நல்ல வேலைக்காரர்தான், நான் அவரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனாலும் மூன்றாவது வீட்டுக்குப் போனபோது, 'அவருக்கு வேலை கொடுக்கத்தான் இவர் குறை எழுதுகிறார்' என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பெயர் சொல்வதை நிறுத்தினேன். 'உரிமம் உள்ளவர் மூவரிடம் விலை கேளுங்கள், வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிடுங்கள், மறுபடி அளந்து தருகிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மின்சாதனக் கடைக்காரர் தரும் 'கவனிப்பு', பொங்கலுக்கு வரும் டைரியும் இனிப்புப் பெட்டியும்கூட வேண்டாம்.

அறிக்கையில் 'இந்த வீடு பாதுகாப்பானது' என்ற வாக்கியம் வரக்கூடாது. இன்ன தேதியில், இன்ன கருவியால், இன்ன இடத்தில் அளந்தபோது இவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள். பார்க்க முடியாத இடங்களையும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பூட்டிய அறை, சுவருக்குள் இருக்கும் இணைப்பு என்று, பெயர் சொல்லி எழுதுங்கள். உடனே அணைத்து வைக்க வேண்டியது, சில மாதங்களுக்குள் மாற்ற வேண்டியது, வசதிப்பட்டால் செய்ய வேண்டியது என்று பிரித்துக் காட்டினால் வீட்டுக்காரர் பயந்துபோய் எல்லாவற்றையும் தள்ளிப்போடமாட்டார். படம் எடுத்து இணையுங்கள். நான் சொன்ன பச்சை ஒயரின் படம்தான் அந்தக் கோவை அடுக்ககத்தில் மீதி 22 வீடுகளையும் எனக்குப் பெற்றுத் தந்தது.

கட்டணத்தைப் பழுதுபார்க்கும் செலவின் விழுக்காடாக வைக்காதீர்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு உதவியாளரோடு அரை நாளும், அறிக்கை எழுத இன்னோர் அரை நாளும் பிடிக்கும். அந்த ஒரு நாளுக்கு உங்கள் உழைப்பின் விலை, உதவியாளரின் கூலி, பயணம், கருவித் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டி ஒரே தொகையாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு, பகுதிநேர வேலைக்கு அந்தக் கவலை இராது. ஓய்வூதியத்தோடு சேர்த்து இந்த வருமானத்துக்கும் வரிக் கணக்கு காட்ட வேண்டும். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது.

வருமானத்தைப் பற்றி அதிகம் கனவு காண வேண்டாம். இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை மின் ஆய்வு கட்டாயம் என்று 2020இல் விதி வந்தது. அங்கே ஆய்வாளரைத் தேடி வருவார்கள். நம் ஊரில் சர்வீஸ் வாங்கும்போது ஒப்பந்ததாரர் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குப் பிறகு, வீட்டு ஒயரிங்கை யாரும் கேட்பாரில்லை. பழைய வீடு வாங்குபவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விட்டவர்கள், ஒருமுறை தீப்பொறியைப் பார்த்துப் பயந்த குடியிருப்போர் நலச் சங்கங்கள்: இவர்கள்தான் வருவார்கள். மாதம் நான்கு வீடு கிடைத்தால் முதல் ஆண்டுக்கு நல்ல தொடக்கம் என்பேன்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயம். தனியாக எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். மெயினை அணைத்ததும் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; அணைத்தபின் டெஸ்டரால் சரிபார்க்காமல் எதையும் தொடாதீர்கள். ஏணியில் ஏறும் வேலையை உதவியாளருக்கு விடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் அளவுக்கு மட்டும் வேலை ஒப்புக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சொந்த வீட்டையே அந்நியர் வீடாக எண்ணி முழுதாக அளந்து, அறிக்கையை உங்கள் மனைவியின் பெயருக்கு முகவரியிட்டு எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு, கிரைண்டர் பாயிண்டில் என்ன கோளாறு, எப்போது மாற்ற வேண்டும் என்று அவருக்கு உங்கள் உதவி இல்லாமல் புரிந்தால், அடுத்த வீட்டுக்குப் போகலாம்.