சொந்தக் கிணற்றில் வந்த மாக்கல்லை விற்கலாமா?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. தாத்தா காலத்துச் சொத்து. போன வருடம் கிணறு வெட்டும்போது வெளிறிய பச்சை நிறத்தில் வழவழப்பான கல் வந்தது. நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. கல்சட்டி செய்யும் ஒருவர் கேட்டதால் இரண்டு டிராக்டர் லோடு கொடுத்தோம்; கொஞ்சம் பணமும் தந்தார். இப்போது ஒரு புரோக்கர், நிலத்தில் உள்ள கல் முழுவதையும் எடுத்துக்கொள்ள ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் மூன்று லட்சம் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். இதற்கிடையில் வி.ஏ.ஓ. வந்து, "யாரைக் கேட்டு கல் எடுத்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் நிலத்துக் கல்லை நாங்கள் விற்கக் கூடாதா ஐயா?

பதில்: முதலில் அந்த ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். அட்வான்ஸும் வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மாக்கல்லாக இருக்கலாம். மாக்கல்லின் பெரும்பகுதி டால்க் என்ற கனிமம். மெக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்தது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க்குக்கு 1, அதாவது எல்லாவற்றிலும் மென்மையானது. நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5. அதனால்தான் நகம் பட்டதும் கோடு விழுகிறது, உளி பட்டதும் சட்டியாகிறது. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதிக்கும். அரைத்த தூள் முகப்பவுடருக்கு மட்டும் போவதில்லை. காகிதம், பெயிண்ட், பிளாஸ்டிக், ரப்பர், பீங்கான் தொழில்களுக்கும் போகிறது. புரோக்கருக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். சட்டி செய்ய இரண்டு லோடு போதும். அவர் கண் மொத்த நிலத்தின் மேல்.

ஆனால் சேலத்தில் இன்னொரு கல்லும் உண்டு. நம் ஊரில் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட். அது நகத்தில் கீறுப்படாது. ஒரே நிலத்தில் இரண்டும் கலந்து வருவதும் சாத்தியம். சட்டத்தில் இந்த வித்தியாசம் பெரியது. மத்திய அரசு 2015 பிப்ரவரியில் 31 கனிமங்களைச் சிறு கனிமம் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் மாக்கல்லும் டால்க்கும் இருக்கின்றன, மேக்னசைட் இல்லை. சிறு கனிமம் என்றால் 1957ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி விதி வகுப்பது மாநில அரசு. நமக்குப் பொருந்துவது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். மேக்னசைட் என்றால் ஏல முறைக்குள் போய்விடும். பட்டாதாரர் என்பதற்காக மட்டும் உங்களுக்கு உரிமம் கிடைக்காது. ஆகவே புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், இது என்ன கல் என்று ஆய்வு செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

சரி, கல் யாருடையது? கேரளத்தின் மலபார் நிலங்கள் பற்றிய திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், நிலத்தடிக் கனிமம் எல்லாம் அரசுக்கே என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, சட்டப்படி பறிக்கப்படாத வரை நிலத்தின் உரிமையோடு அதுவும் சேர்ந்தே போகும் என்றது. உங்களுக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் உங்கள் நிலம் அரசு ஒப்படைத்த நிலமாக இருந்து, அந்த ஆணையில் கனிம உரிமையை அரசு தன்னிடமே வைத்திருந்தால் நிலைமை மாறிவிடும். தாத்தாவுக்கு நிலம் எப்படி வந்தது என்ற மூலப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பட்டாவும் சிட்டாவும் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

கல் முழுக்க உங்களுடையதாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் வெட்டி விற்க முடியாது. உரிமை வேறு, அனுமதி வேறு. பலர் தடுமாறுவது இங்கேதான். மேலே சொன்ன 1957ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கனிமம் எடுப்பதோடு கொண்டுபோவதையும் சேமித்து வைப்பதையும்கூடத் தடுக்கிறது. மீறினால் 21ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வண்டியைப் பறிமுதல் செய்யலாம். எடுத்த கல்லின் விலையையும் வசூலிக்கலாம்.

பாசனத்துக்காகக் கிணறு வெட்டியது வேறு, வந்த கல்லை விற்றது வேறு. அந்த இரண்டு லோடுகளில்தான் சிக்கல். 2014இல் புனே கட்டுநர்கள் வழக்கில், தோண்டிய மண்ணை அதே மனையில் பயன்படுத்தினால் அதைக் கனிமமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சாதாரண மண்ணைப் பற்றியது. உங்கள் கல்லோ எல்லை தாண்டி விலைக்குப் போயிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வி.ஏ.ஓ.விடம் பொய் சொல்லாதீர்கள், வாய்மொழியாக விளக்கிக்கொண்டும் இருக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள்: பாசனக் கிணறு வெட்டினோம், அதில் வந்த கல்லில் இவ்வளவு போனது, இவ்வளவு நிலத்திலேயே இருக்கிறது என்று. மீதிக் கல்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு கல்லும் நகரக் கூடாது. அதே சுரங்கச் சட்டத்தின் 23ஏ பிரிவின்படி தொகை கட்டிச் சமரசமாக முடிக்க வழி உண்டு. முதல் முறை, சிறு அளவு, கிணற்றில் வந்த கல் என்பதால் அதைத்தான் முதலில் கேட்பேன். போலீஸ் திருட்டு வழக்கும் போடலாம்; 23ஏ பிரிவில் முடித்துக்கொண்டாலும் திருட்டு வழக்கு தானாக முடியாது என்று 2020இல் ஜெயந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி வந்தால், சொந்த நிலத்தில் சொந்தக் கல்லை எடுத்தது எப்படித் திருட்டாகும் என்ற வாதத்துக்குத்தான் அந்த மூலப் பத்திரம் தேவை. கைதுக்கு அஞ்சினால் முன்ஜாமீன் கேட்கலாம்.

இனி புரோக்கர் விஷயம். அனுமதியில்லாமல் கல் எடுக்க எழுதும் ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது. அவர் மீதிப் பணம் தராவிட்டால் நீதிமன்றத்தில் உங்களால் கேட்க முடியாது. ஆனால் லாரி பிடிபட்டால் முதலில் வரும் பெயர் நில உரிமையாளரான உங்களுடையதுதான். பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

முறைப்படி செய்ய விரும்பினால் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம், சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, அப்புறம் கல் கொண்டுபோக ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு. 2012இல் தீபக் குமார் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இரண்டு ஏக்கருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள். என் கருத்து, பெரும்பாலும் ஆகாது. உத்தராகண்டின் பாகேஷ்வர் மாவட்டத்தில் மாக்கல் வெட்டியதால் கிராம வீடுகளில் விரிசல் விழுந்து, 2025 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம் மாவட்டம் முழுவதும் மாக்கல் சுரங்கங்களை நிறுத்தியது. உங்கள் கிணற்றுத் தண்ணீரும் பக்கத்து வீட்டுச் சுவரும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட நகல், கல்லுக்குப் பணம் வந்ததற்கான விவரம் இவற்றோடு உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். நோட்டீஸில் பதிலுக்குக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.