நவம்பரில் டோன்சிச் எங்கே?

அன்புள்ள சார்,

கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவன் நான். நெடுநாளாக ஒரு சந்தேகம். 2017 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையை ஸ்லோவேனியா வென்றது, ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல். அதே நாடு 2019 உலகக்கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. சீனாவில் நடந்த அந்தப் போட்டியில் 32 அணிகளுக்கு இடம் இருந்தும்! தகுதிச் சுற்றில் அந்த நாட்டின் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டோன்சிச் தலைகாட்டவே இல்லை என்கிறார்கள். கால்பந்தில் ஃபிஃபா தேதி குறித்துவிட்டால் கிளப் ஆளை அனுப்பித்தான் ஆகவேண்டும். கூடைப்பந்தின் ஃபிபாவால் ஏன் அது முடியவில்லை? உலக அமைப்பு என்பதெல்லாம் பெயரளவில்தானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

செப்டம்பர் 17 அன்று இஸ்தான்புல்லில் இறுதி ஆட்டம். செர்பியாவை 93-85 என்று ஸ்லோவேனியா வீழ்த்தியது. ஸ்லோவேனியாவின் கோரன் டிராகிச் மட்டும் 35 புள்ளிகள். அந்த நவம்பரிலேயே உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று தொடங்கிவிட்டது. அப்போது டோன்சிச்சும் அவரோடு கோப்பை வென்ற ஆன்டனி ராண்டால்ஃபும் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்காக, ஐரோப்பியக் கிளப்புகளின் போட்டியான யூரோலீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிராகிச் மயாமியில், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவின் சீசனில். (அவர் கோப்பையோடு தேசிய அணிக்கு விடைகொடுத்துவிட்டார், அது தனிக்கதை.) களத்தில் இறங்கிய ஸ்லோவேனியாவுக்குச் சீருடை மட்டும்தான் பழையது.

ஃபிபாவின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் மீஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1932ல் எட்டு நாடுகள் கூடி ஆரம்பித்தது, இன்று 212 தேசிய சங்கங்கள். கவனியுங்கள், உறுப்பினர்கள் சங்கங்கள்தான், கிளப்புகள் அல்ல. என்பிஏவும் உறுப்பினர் இல்லை. அமெரிக்காவின் உறுப்பினர் யுஎஸ்ஏ பாஸ்கெட்பால் என்ற சங்கம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டு அழைப்பவர் ஒருவர், மண்டபத்துக்குப் பணம் கட்டுபவர் இன்னொருவர் என்றால் முகூர்த்த நேரத்தை யார் முடிவு செய்வார்?

இந்த நிலை வந்ததற்கு ஃபிபாவே ஒரு காரணம். சம்பளம் வாங்கி ஆடுபவனைக் கால்பந்து உலகம் தொடக்கத்திலேயே உள்ளே சேர்த்துக்கொண்டது. ஃபிபாவோ என்பிஏ ஆட்டக்காரர்களுக்கு 1989 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அந்த ஆண்டு மியூனிக் மாநாட்டில்தான் 56-13 என்ற வாக்கில் கதவு திறந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அமெரிக்கச் சங்கமும் உண்டு! 1946ல் பிறந்த என்பிஏ அதற்குள் யார் தயவும் தேவைப்படாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். கிளப்புகளுக்கான முதன்மைப் போட்டியை 1958 முதல் ஃபிபாதான் நடத்திவந்தது. தொண்ணூறுகளில் அதற்கு யூரோலீக் என்று பெயரும் வைத்தது. வைத்த பெயரைப் பதிவு செய்யவில்லை. 2000ல் பெரிய கிளப்புகள் பல பிரிந்துபோய்த் தனிப் போட்டி தொடங்கியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டன. ஃபிபாவால் தடுக்க முடியவில்லை. தன் போட்டிக்கு சுப்ரோலீக் என்று புதுப்பெயர் தேட வேண்டியதாயிற்று. 2001ல் ஐரோப்பாவுக்கு இரண்டு சாம்பியன்கள்: யூரோலீக்கில் கிண்டர் பொலோனியா, சுப்ரோலீக்கில் மக்காபி டெல் அவிவ். ஒரே ஆண்டில் சுப்ரோலீக் மூடப்பட்டு, மக்காபியும் யூரோலீக்குக்கே போய்ச் சேர்ந்தது. பதிவு அலுவலகத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒரு காரியத்துக்கு இவ்வளவு விலை.

கிளப்பை ஃபிபா நேரடியாகத் தண்டிக்க முடியாது, நாட்டைத்தான் தண்டிக்க முடியும். அதையும் முயன்று பார்த்தார்கள். 2016ல் யூரோலீக் பக்கம் சாய்ந்த கிளப்புகளும் லீகுகளும் உள்ள நாடுகளை 2017 ஐரோப்பியக் கோப்பையிலிருந்து நீக்குவோம் என்று ஃபிபாவின் ஐரோப்பியக் கிளை எச்சரித்தது. அந்தப் பட்டியலில் ஸ்பெயின், செர்பியாவோடு ஸ்லோவேனியாவும் இருந்தது. கடைசியில் எல்லோரும் ஆடினார்கள். கோப்பை யாருக்குப் போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கோடையில் நிலைமை வேறு. அப்போது கிளப் சீசன் இல்லை. மருத்துவக் காரணம் இருந்தாலொழிய என்பிஏ அணிகள் ஆளைப் பிடித்துவைக்க முடியாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. (2014ல் மனு ஜினோபிலியை அர்ஜென்டினாவுக்கு ஆடவிடாமல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நிறுத்தியது காலில் இருந்த எலும்பு முறிவைக் காட்டித்தான்.) 2021 ஜூலையில் லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. டோன்சிச் வந்தார். 31 புள்ளிகள், 11 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), 13 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது). சொந்த மண்ணில் ஆடிய லிதுவேனியா 96-85 என்று தோற்க, ஸ்லோவேனியா முதன்முறையாக ஒலிம்பிக் கூடைப்பந்துக்குப் போய் நான்காவது இடம் பிடித்தது. ஆள் அதே ஆள், மாதம்தான் வேறு.

ஆகவே நவம்பர், பிப்ரவரித் தகுதிச் சுற்றுகளை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று சொல்வீர்கள். நான் ஒப்பமாட்டேன். முன்பெல்லாம் பெரும்பாலான நாடுகள் ஐரோப்பியக் கோப்பை போன்ற, கண்டம்தோறும் நடக்கும் போட்டிகள் வழியாகத்தான் உலகக்கோப்பைக்குப் போகும். ஏதோ ஒரு நாட்டில் எல்லா அணிகளும் கூடி ஆடி முடித்துவிடுவார்கள். இப்போது சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று ஆடியாக வேண்டும். ஆசியக் கோப்பைக்கும் அதே முறை வந்துவிட்டது. 2024 நவம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இந்தியா கத்தாரிடம் தோற்று, சில நாட்களில் கஜகஸ்தானை வென்றதே, அது இந்த முறையால் நம் ஊருக்கு வந்த ஆட்டம். என்பிஏ நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாத நம் அணிக்கு நவம்பரும் ஜூலையும் ஒன்றுதான். நட்டம் முழுக்க ஸ்லோவேனியா போன்ற, இரண்டு மூன்று பெரிய ஆட்டக்காரர்களை நம்பியிருக்கும் சிறிய நாடுகளுக்கு. அமெரிக்காகூட இந்தச் சுற்றுகளுக்கு என்பிஏவுக்கு அடுத்த நிலை லீகான ஜி லீக்கின் ஆட்டக்காரர்களை வைத்தே அணி கட்டிச் சமாளித்துவிடுகிறது. இருபது லட்சம் பேர் உள்ள நாடு அப்படி இரண்டாவது அணிக்கு எங்கே போகும்?