தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் ஒன்பது வருடம் மதிப்பீட்டாளராக இருந்தேன். கணவருக்கு வேலை மாறியதால் திருப்பூர் வந்தோம். இரண்டு மாதமாக ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசர். ஜிஎஸ்எம், கவுண்ட், காம்பாக்டிங் என்று பேசுகிறார்கள். தலையாட்டிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் போனில் தேடுகிறேன்.

போன வாரம் பையரிடமிருந்து, லேப் டிப்பை மறுபடி அனுப்பச் சொல்லி மெயில். அது என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். துணி சாயத்துக்குப் போவது தள்ளிப்போனது. என் சீனியர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க அக்கா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஞாயிறு சாயங்காலமே வயிறு பிசைகிறது. எனக்கு மூளை மழுங்கிவிட்டதா?

வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உரைகல்லில் விழுந்த கோட்டைப் பார்த்து மாற்றுச் சொன்னவர் நீங்கள். ஒன்பது வருடம் மற்றவர்கள் உங்களிடம் வந்து கேட்டார்கள். இப்போது நீங்கள் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் பறிபோனதுதான் வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

'இம்போஸ்டர்' என்றெல்லாம் படித்துக் குழம்ப வேண்டாம். 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் அதை எழுதியது, சாதித்த பிறகும் தங்களைப் போலி என்று நம்பிய பெண்களைப் பற்றி. உங்கள் கதை வேறு. உங்களுக்கு நிஜமாகவே தெரியாது. இரண்டு மாதத்தில் எப்படித் தெரியும்?

பாத்ரூம் தேடலை விடுங்கள். லேப் டிப் என்றால் பையர் கேட்ட நிறத்தில் சாயமேற்றிய சின்னத் துணித்துண்டு என்று போன் சொல்லும். உங்கள் கம்பெனி துணி கொடுக்கும் சாயப்பட்டறையில் அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது உங்கள் சீனியர் தம்பிக்குத்தான் தெரியும். டீ நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். "இது எனக்குத் தெரியாது" என்று இப்போது சொல்வது சுலபம். ஒரு வருடம் கழித்துச் சொல்வதுதான் கஷ்டம்.

துணியையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான். ஜிஎஸ்எம் கட்டர் வட்டமாக வெட்டும் துண்டு 100 சதுர சென்டிமீட்டர், அதாவது சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. அது 1.8 கிராம் நின்றால் 180 ஜிஎஸ்எம். நகைத் தராசோடு வாழ்ந்தவருக்கா இது வராது? மெயிலைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறீர்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

வயிற்றுப் பிசைவு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தாமதத்துக்குச் சீனியரிடம் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை என்றால் நாளைக் காலையில் தெரிவித்துவிடுங்கள். அதே மூச்சில் அடுத்த சந்தேகத்தையும் கேட்டுவிடுங்கள்.