காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு மலேரியா பாசிட்டிவ்: மாத்திரை கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில், மலைக்கிராமப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை செய்கிறேன். மலேரியா முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரலில் குத்தி டெஸ்ட் எடுத்தார்கள், சிலருக்குப் பாசிட்டிவ். யாருக்கும் காய்ச்சல் இல்லை. நன்றாக விளையாடும் பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று பெற்றோர் கேட்கிறார்கள். டெஸ்ட் தப்பாக இருக்குமா? நெகட்டிவ் வந்த பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாமா?

பதில்: மாத்திரை கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தாமல் முழுக் கோர்ஸும்.

மலேரியா அடிக்கடி வரும் ஊரில் வளரும் பிள்ளையின் உடம்பு அதோடு ஓரளவு பழகிவிடுகிறது. கிருமி ரத்தத்தில் இருக்கும், ஆனால் காய்ச்சலைக் கிளப்பும் அளவுக்குப் பெருகாது. அதனால் தொல்லை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் சிவப்பணுக்கள் அழிந்து ரத்தசோகை வரும், பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகும், பாடத்தில் கவனம் நிற்காது. பாசிட்டிவ் வந்த பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இந்தப் பிள்ளையைக் கடித்த கொசு பக்கத்துப் படுக்கையில் இருப்பவரைக் கடித்தால் நோய் அங்கேயும் போகும். ஒடிசா 2017-ல் தொடங்கிய 'டமன்' திட்டமும், சத்தீஸ்கரில் 2020-ல் தொடங்கிய பஸ்தர் மலேரியா ஒழிப்பு இயக்கமும் காய்ச்சல் வரும்வரை காத்திராமல் எல்லோரையும் சோதிப்பது இதனால்தான். பஸ்தரில் பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிகுறியே இருக்கவில்லை.

டெஸ்ட் தப்பாக இருக்குமா என்றால், பாசிட்டிவ் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: கடந்த ஒரு மாதத்துக்குள் இந்தப் பிள்ளை மலேரியா மருந்து சாப்பிட்டதா? மலேரியாவில் ஃபால்சிபாரம், விவாக்ஸ் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. கிட்டில் ஃபால்சிபாரம் வகையைக் கண்டுபிடிக்கும் கோடு கிருமி விட்டுச்செல்லும் ஒரு புரதத்தைத்தான் காட்டுகிறது, கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கும். அப்படிச் சாப்பிட்டிருந்தால் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். குணமானதா என்று பார்க்கப் பத்து நாளில் அதே கிட்டில் மறுபடி குத்த வேண்டாம், வீணாகக் குழம்புவீர்கள். கிட்டைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்: உறையை அப்போதுதான் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி, முடிவை அட்டையில் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்துக்குள், படிக்க வேண்டும். மதியம்வரை மேஜையில் கிடந்த கிட்டில் தெரியும் மங்கலான கோட்டை நம்பக்கூடாது.

எனக்கு அதிகக் கவலை நெகட்டிவ் வந்த பிள்ளைகளைப் பற்றித்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 100, 200 கிருமிகளாவது இருந்தால்தான் இந்த டெஸ்ட் நம்பகமாகக் காட்டும், அறிகுறி இல்லாத பிள்ளையிடம் அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம். விவாக்ஸ் இன்னும் சிக்கல், அது ஈரலில் ஒளிந்திருக்கும்போது எந்த ரத்தப் பரிசோதனையிலும் சிக்காது. கென்யாவின் தென் கடலோரத்தில் 101 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது: பள்ளிப் பருவத்துக்கு (டெர்முக்கு) ஒருமுறை இதே மாதிரி விரலில் குத்தும் ரேபிட் டெஸ்ட் எடுத்துப் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள், ரத்தசோகையும் குறையவில்லை, வகுப்பில் கவனமும் கூடவில்லை. தவறவிட்ட தொற்றுகளும், மருந்துக்குப் பின் மறுபடி தொற்றியதும் காரணமாக இருக்கலாம். அதே நாட்டின் மேற்கில், டெஸ்ட் எடுக்காமல் பள்ளிப் பருவத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மருந்து கொடுத்த ஆய்வில் ரத்தசோகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அது சுகாதாரத்துறை எடுக்க வேண்டிய முடிவு. நெகட்டிவ் என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு கொசுவலையை மடித்து வைத்துவிடக்கூடாது என்பதற்குத்தான் சொல்கிறேன். முகாமில் நெகட்டிவ் வந்த பிள்ளைக்கு அடுத்த வாரமே காய்ச்சல் வந்தாலும் உடனே மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

மருந்து எந்த வகை மலேரியா என்பதைப் பொறுத்தது. ஃபால்சிபாரத்துக்கு ஆர்டிமிசினின் கூட்டு மருந்து 3 நாள், கூடவே ஒரே ஒரு வேளை பிரைமாகுயின். விவாக்ஸ் என்றால் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். இந்த 14 நாளில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நாலாவது நாள் பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். விடுதியில் உங்களால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கண்முன்னே விழுங்க வைக்க முடியும், பேர் எழுதி டிக் அடித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பழங்குடி மக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் கணிசமாக உண்டு, அவர்களுக்குப் பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்தாலோ, பிள்ளை வெளிறினாலோ, கண் மஞ்சளானாலோ அந்த மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பெற்றோரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் அடுத்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

விடுமுறைதான் அடுத்த பிரச்சினை. கோராபுட்டின் மலையோடைகளில் பெருகும் கொசு இரவில் வீட்டுக்குள் வந்து கடிக்கும், அதனால் ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள் புதுத் தொற்றோடு வரலாம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு டெஸ்ட் வைக்க முடியுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே கேளுங்கள், பிள்ளையின் கிராமத்து ஆஷா பணியாளருக்கும் பாசிட்டிவ் வந்த விவரத்தைச் சொல்லுங்கள், வீட்டிலும் பரிசோதனை செய்யட்டும்.