செத்த குரங்கும் கசகசா உண்ணியும்

கேள்வி: டாக்டர் சார், நாங்க கூடலூர் பக்கம், எஸ்டேட் வேலை. போன வாரம் காட்டோரமா ஒரு குரங்கு செத்துக் கெடந்துச்சு, என் பையன் குச்சியால பொரட்டிப் பார்த்துட்டு வந்திருக்கான். பக்கத்து வீட்டக்கா "குரங்கு காய்ச்சல் வந்துரும்"னு பயமுறுத்துறாங்க. குரங்கைத் தொடவே இல்லையே சார், அப்பவும் வருமா?
வாசகி, கூடலூர்

பதில்: மொதல்ல மூச்சு விடும்மா. குரங்கு கரண்ட் அடிச்சும் சாகும், நாய் கடிச்சும் சாகும், செத்த குரங்கெல்லாம் அந்தக் கிருமியால செத்ததுன்னு இல்ல. ஆனா அக்கா சொன்னதுலயும் விஷயம் இருக்கு. அவன் தொட்டானா இல்லையாங்கறத விட எங்க நின்னாங்கறதுதான் முக்கியம். ஏன்னா இந்தக் காய்ச்சலை மனுஷனுக்குக் கொண்டு வர்றது உண்ணிக் கடிதான். குரங்கு உசுரோட இருக்கறவரைக்கும் உண்ணி அது மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும், செத்து உடம்பு சில்லுனு ஆயிட்டா ஒவ்வொண்ணா கழண்டு கீழ சருகுக்குள்ள எறங்கிடும். அதனாலதான் கர்நாடகாவுல குரங்கு செத்த எடத்தைச் சுத்தி 50 மீட்டருக்கு மருந்துப் பொடி தூவுறாங்க.

பையன் போட்டிருந்த துணியை சுடுதண்ணில ஊறப் போட்டுத் துவைங்க. காதுக்குப் பின்னாடி, அக்குள், இடுப்பு, முட்டிக்குப் பின்பக்கம்னு வெளிச்சத்துல நிக்க வச்சு நல்லா தடவிப் பாருங்க, கண்ணுக்கு மச்சம் மாதிரி தெரியறது வெரலுக்குத் தட்டுப்படும். கடிச்சு 3 நாள்லேர்ந்து 8 நாளுக்குள்ள காய்ச்சல் வரலாம், திடீர்னு வரும், நெத்தி பிளக்கற தலைவலி, அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, வாந்தி. அப்படி வந்தா உடனே ஆஸ்பத்திரி போயி "குரங்கு செத்த எடத்துக்குப் போயிட்டு வந்தான்"னு நீங்களே வாயத் தெறந்து சொல்லுங்க, இல்லேன்னா டெங்குன்னு நெனச்சுடுவாங்க, ரெண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்தான், ரெண்டுலயும் பிளேட்லெட் கொறையும். நீங்களா ஆஸ்பிரின், புரூஃபன் எதுவும் குடுக்காதீங்க, ரத்தக்கசிவு வர்ற காய்ச்சல் இது. அப்புறம் குரங்கு கெடக்குற விஷயத்தை வனத்துறைக்கு சொல்லிட்டீங்களா? சொல்லலேன்னா இதைப் படிச்ச கையோட சொல்லிடுங்க.

கேள்வி: குரங்கு காய்ச்சலும் குரங்கம்மையும் ஒண்ணா? இது எங்கேர்ந்து வந்துச்சு?
கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி, பேர்ல மட்டும்தான் குரங்கு. நாம பேசறது கியாசனூர் காட்டு நோய். ஷிமோகா ஜில்லா சொரபா தாலுகாவுல கியாசனூர்னு ஒரு காடு, 1957-ல அங்க குரங்குங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, சுத்துப்பட்டு ஊர்ல ஜனங்களுக்கும் காய்ச்சல். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, ஆப்பிரிக்காவுல இருக்கற மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள்ள வந்துருச்சோன்னு கதிகலங்கிப் போய்ப் பார்த்தாங்க, ஏன்னா அதுலயும் குரங்கு சாகும். பார்த்தா இது கொசு இல்ல, உண்ணி. அதுவும் சைபீரியாப் பக்கம் இருக்கற உண்ணிக் காய்ச்சல் வைரஸுக்கு சொந்தக்காரன்!

கன்னடத்துல மங்கன காயிலேம்பாங்க, மங்கான்னா குரங்கு. பாவம், பழி பூரா அது மேல. உண்மையில கிருமி காட்டுக்குள்ள எலி, மூஞ்சூறு, அணில், உண்ணின்னு சத்தமில்லாம சுத்திக்கிட்டே இருக்கும். கருமுக மந்தியும், நம்ம கோயில்ல தேங்கா பிடுங்குமே அந்த நாட்டுக் குரங்கும்தான் இதைத் தாங்காம பொத்துனு விழும். என்னைக் கேட்டா குரங்கு நமக்கு நோட்டீஸ் குடுத்துட்டு சாகுது, நாம அதைக் கல்லால அடிச்சு விரட்டறோம்.

உண்ணிக்கு ஒரு கணக்கு இருக்கு. மழை முடிஞ்சு குஞ்சு பொரியும், அது ஒரு தடவை ரத்தம் குடிச்சுட்டு அடுத்த பருவத்துக்கு வரும், அந்த ரெண்டாம் பருவம்தான் மனுஷனைக் கடிக்கறது. கசகசா சைஸ்தான். ஒரு தடவை கிருமி ஏறிடுச்சுன்னா அந்த உண்ணிக்கு ஆயுசு பூரா இருக்கும். டிசம்பர்லேர்ந்து மே வரைக்கும் அதோட சீசன், விறகு பொறுக்க, சருகு அள்ள, மாடு மேய்க்கன்னு ஜனங்க காட்டுக்குள்ள போறதும் அதே மாசங்கள்ல. கோவாவுல முந்திரி பொறுக்கப் போனவங்களுக்கு வந்துச்சு. உண்ணி பிடிக்கறவங்க ஒரு வெள்ளைத் துணியைக் கொம்புல கட்டிக் காட்டுத் தரையில இழுத்துக்கிட்டே போவாங்க, பத்தடி போயித் திருப்பிப் பார்த்தா துணி பூரா பழுப்புப் புள்ளி, உத்துப் பார்த்தா புள்ளி நடக்கும். அதைப் பார்த்தவன் அப்புறம் காட்டுத் தரையில வேட்டியோட ஒக்கார மாட்டான்.

ரொம்ப வருஷம் ஷிமோகாவைச் சுத்தியே இருந்த நோய் 2012-ல பந்திப்பூர்ல தலை காட்டுச்சு, நீலகிரிப் பக்கம் செத்த குரங்குலயும் கிருமி இருந்துச்சு, அடுத்து வயநாடு, அங்க 2015-ல நூறு பேருக்கு மேல பாதிப்பு. வந்தவங்கள்ல நூத்துக்கு 3லேர்ந்து 5 பேர் வரைக்கும் எறந்து போறாங்க. சிலருக்கு காய்ச்சல் விட்டு, ஒண்ணு ரெண்டு வாரம் நல்லா இருந்துட்டு, மறுபடி வந்து கழுத்து விறைக்கும், கை நடுங்கும். ஆனா ஒரு மனுஷன்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, அதனால வந்தவங்களை ஊரை விட்டு ஒதுக்கி வைக்கறதெல்லாம் வேண்டாத வேலை.

கேள்வி: எங்க மாடு காட்டுல மேய்ஞ்சுட்டு ஒடம்பு பூரா உண்ணியோட வருது. பால் குடிக்கலாமா?
வாசகர், தாளவாடி

பதில்: பால் வழியா இது பரவினதா ஆதாரம் இல்ல, இருந்தாலும் பச்சைப் பால் குடிக்காதீங்க, வேற நோய் வரும். மாட்டுக்கு இந்த நோய் வராது, ஆனா பெரிய உண்ணிங்க அது ரத்தத்தைக் குடிச்சுத்தான் பெருகுது, அதனால கால்நடை டாக்டரைக் கேட்டு உண்ணி மருந்து போடுங்க. பிடுங்கின உண்ணியை நகத்துல நசுக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க.

கேள்வி: சென்னை அபார்ட்மென்ட்ல இருக்கோம், எங்க லேப்ரடார் மேல உண்ணி. எங்களுக்கும் குரங்கு காய்ச்சல் வருமா?
வாசகி, வேளச்சேரி

பதில்: வராதும்மா. அது நாய் உண்ணி, வேற ஜாதி. நாய்க்கு வேற காய்ச்சல் குடுக்கும், அதைப் பாருங்க.

கேள்வி: இதுக்கு தடுப்பூசி இருக்குன்னாங்களே? உண்ணி ஒட்டிக்கிட்டா மண்ணெண்ணெய் ஊத்தலாமா?
வாசகர், பந்தலூர்

பதில்: 1990-லேர்ந்து கர்நாடகாவுல ஒண்ணு போட்டாங்க, ஒரு மாச இடைவெளில ரெண்டு ஊசி, அப்புறம் பூஸ்டர், அதுக்கப்புறமும் பூஸ்டர்! ஒரு ஊசி போட்டதோட பாதிப் பேர் அடுத்ததுக்கு வரலேன்னா பாதுகாப்பு எங்கேர்ந்து வரும், மருந்துலயும் வீரியம் கொறைஞ்சு போச்சு, இப்ப நிறுத்திட்டாங்க. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐ.சி.எம்.ஆர். புது ஊசிக்கு வேலை பார்த்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் முழுக்கை சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கறது, காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கை காலுக்குப் பூச்சி விரட்டி எண்ணெய், வந்த ஒடனே குளியல்.

மண்ணெண்ணெய் வேணாம், பீடி நெருப்பால சுடறதும் வேணாம். முடி பிடுங்கற சின்ன இடுக்கி வாங்கி வச்சுக்குங்க, தோலை ஒட்டி, உண்ணியோட வாய்ப் பக்கமாப் பிடிச்சு, திருகாம நேரா மேல இழுங்க. எடத்தை சோப்பு போட்டுக் கழுவிட்டு காலண்டர்ல தேதியை வட்டம் போட்டு வைங்க, ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர் மொதல்ல அந்தத் தேதியைத்தான் கேப்பார்.